சுண்ணாம்பை நம்பி அணை கட்டிய கர்னல் பென்னிகுவிக்

மும்பையில் காலையில் நாக்காவில் நின்று கட்டிட வேலைக்குப் போகிற நம் ஆட்களுக்கு, சிமெண்ட் இல்லாத வேலை என்று ஒன்றை நினைத்துப் பார்க்க முடியாது. மூட்டை வந்தால் வேலை உண்டு. வராவிட்டால் கொத்தனாரும் சித்தாளும் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

ஆனால் ஒரு என்ஜினீயர், யானை திரியும் நடுக்காட்டில், சுண்ணாம்பையும் செங்கல் பொடியையும் நம்பி 176 அடி உயரத்துக்கு ஓர் அணையைக் கட்டி முடித்தார். அவர்தான் முல்லைப் பெரியாறு அணையைக் கட்டிய கர்னல் ஜான் பென்னிகுவிக்.

தேனி, மதுரை பக்கத்துக்காரர்களுக்கு அவர் பெயரைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆனால் அவர் பிறந்த ஊர் நமக்குப் பக்கத்தில் இருக்கிற புனே என்பது பலருக்குத் தெரியாது.

தந்தையை இழந்த சிறுவன்

1841-ம் ஆண்டு ஜனவரி 15-ந் தேதி அன்றைய பூனாவில் பென்னிகுவிக் பிறந்தார். தந்தை பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி. அவர் பெயரும் ஜான் பென்னிகுவிக்தான்.

1849 ஜனவரி 13-ந் தேதி பஞ்சாபில் சில்லியன்வாலா என்ற இடத்தில் சீக்கியப் படைக்கும் ஆங்கிலப் படைக்கும் கடும் போர் நடந்தது. அதில் தந்தை கொல்லப்பட்டார். அதே போர்க்களத்தில் 17 வயது அண்ணன் அலெக்சாண்டரும் மாண்டார். ஜானுக்கு 8 வயது நிறைய அப்போது இரண்டே நாள்தான் பாக்கி.

தாய் பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கினார். இங்கிலாந்தில் செல்டன்ஹாமில் படித்த ஜான், பிறகு அடிஸ்கோம்ப் ராணுவக் கல்லூரியில் சேர்ந்து என்ஜினீயர் ஆனார். 1860-ல் சென்னை மாகாணத்துக்கு வேலைக்கு வந்தார். நடுவில் அபிசீனியப் போருக்கும் போய் வந்தார். மற்றபடி அவருடைய உழைப்பெல்லாம் நம் சீமையின் பொதுப்பணித் துறையில்தான்.

மேற்கே ஓடிய ஆறு

பெரியாறு மேற்குத் தொடர்ச்சி மலையில் பிறந்து மேற்கே ஓடி அரபிக் கடலில் கலக்கும் ஆறு. மலையின் அந்தப் பக்கம் மழை கொட்டும். இந்தப் பக்கம் வைகை வறண்டு கிடக்கும். அந்தத் தண்ணீரைக் கிழக்கே திருப்ப முடியாதா என்று 18-ம் நூற்றாண்டின் கடைசியிலேயே யோசித்தவர், ராமநாதபுரம் சேதுபதியின் பிரதானியாக இருந்த முத்து இருளப்ப பிள்ளை. யோசனை இருந்தது, பணம் இல்லை.

1808-ல் கால்டுவெல் என்ற ஆங்கில அதிகாரி மலைக்குப் போய்ப் பார்த்துவிட்டு, இது நடக்காத காரியம் என்று அறிக்கை கொடுத்தார். 1850-ல் சிறிய அளவில் ஒரு வேலை தொடங்கியது. காய்ச்சலுக்குப் பயந்து கூலி ஆட்கள் அதிகக் கூலி கேட்கவே, அதுவும் நின்றது.

பிறகு 1876-ல் தாது வருஷப் பஞ்சம் வந்தது. மக்கள் கூட்டம் கூட்டமாகச் செத்தார்கள். பிழைத்தவர்களில் பலர் ஊரை விட்டுப் போனார்கள். அதற்குப் பிறகுதான் சர்க்கார் விழித்துக்கொண்டது. 1882-ல் திட்டத்தைப் புதிதாகத் தயாரிக்கும் பொறுப்பு பென்னிகுவிக்கிடம் வந்தது.

இடம் திருவிதாங்கூர் சமஸ்தானத்துடையது. 1886 அக்டோபர் 29-ந் தேதி ஒப்பந்தம் கையெழுத்தானது. 8 ஆயிரம் ஏக்கர் நிலம், ஏக்கருக்கு 5 ரூபாய் வாடகை, 999 ஆண்டு குத்தகை. மறு ஆண்டு வேலை தொடங்கியது.

சிமெண்டா, சுண்ணாம்பா?

அந்தக் காலத்தில் சிமெண்ட் என்றால் இங்கிலாந்தில் இருந்து கப்பலில் வர வேண்டும். விலையோ அதிகம். வந்தாலும், அம்மையநாயக்கனூர் ஸ்டேஷனில் இறக்க வேண்டும். இன்று கொடைக்கானல் ரோடு என்கிறோமே, அந்த ஸ்டேஷன்தான். அங்கிருந்து பெரியகுளம், கம்பம் வழியாக மாட்டு வண்டியில் மலையடிவாரம் போக வேண்டும். அணைக்கு வேண்டியதோ மலை போன்ற அளவு கலவை. அத்தனைக்கும் சிமெண்ட் என்றால் கட்டுப்படி ஆகாது.

சுண்ணாம்புக்கல் மலைக்குக் கீழே கூடலூர்ப் பக்கமே கிடைத்தது. ஆனால் வெறும் சுண்ணாம்பில் ஒரு சங்கடம் உண்டு. அது காற்று பட்டுத்தான் இறுகும். வீட்டுச் சுவருக்கு அது போதும். அடியில் சுமார் 140 அடி அகலமுள்ள அணையின் வயிற்றுக்குள் காற்று எங்கே போகும்? எத்தனை வருஷமானாலும் உள்ளே ஈரக் களிம்பாகவே கிடக்கும். தண்ணீர் பட்டால் கரையும்.

அதற்கு மருந்துதான் சுர்க்கி. சுட்ட களிமண்ணை, அதாவது செங்கல்லை, நைஸாகப் பொடி செய்தால் சுர்க்கி. நீற்றின சுண்ணாம்போடு சுர்க்கியையும் மணலையும் சேர்த்து நன்றாக அரைத்தால், அந்தக் கலவை காற்று இல்லாமலே இறுகும். தண்ணீருக்குள் இருந்தாலும் இறுகும். களிமண்ணில் உள்ள சத்து சுண்ணாம்போடு சேர்ந்து கல்லாகிறது. ஒரே வாரத்தில் அல்ல, மாதக்கணக்கில், வருஷக்கணக்கில் பலம் ஏறிக்கொண்டே போகும். மெதுவாக இறுகுவதால் உள்ளே சூடும் அதிகம் ஏறாது.

பென்னிகுவிக் கட்டிய முறை இதுதான். முன்பக்கமும் பின்பக்கமும் கருங்கல் கட்டு. நடுவில் சுண்ணாம்பு-சுர்க்கி கலவையும் கல் ஜல்லியும் சேர்த்த கான்கிரீட். அணையில் பெரும்பங்கு இந்த நடுப்பகுதிதான். உச்சியில் அகலம் 12 அடி. நீளம் சுமார் 1,200 அடி. தன்னுடைய எடையாலேயே தண்ணீரைத் தடுத்து நிற்கும் அணை இது.

இந்த வேலையில் அவசரப்படக் கூடாது. கலவையை அரைப்பதில் சோம்பல் கூடாது. போட்ட கலவை காய்ந்துவிடாமல் ஈரமாக வைத்திருக்க வேண்டும். இன்று சிமெண்ட் வேலையிலும் தண்ணீர் விட்டு ஆற வைப்பதை ஏமாற்றினால் என்ன ஆகும் என்று நம் கொத்தனார்களுக்குத் தெரியும்.

காட்டுக்குள் வேலை

கடல் மட்டத்தில் இருந்து சுமார் 2,800 அடி உயரம். ரோடு இல்லை, ஊர் இல்லை. மலையடிவாரத்தில் இருந்து தேக்கடிக்குக் கம்பிவடம் கட்டி சாமான்களை மேலே ஏற்றினார்கள். அங்கிருந்து அணை இடத்துக்குப் படகில் கொண்டுபோனார்கள்.

ஆற்றின் நடுவில் அஸ்திவாரம் போட வேண்டும் என்றால் முதலில் ஆற்றைத் திருப்ப வேண்டும். மண்ணையும் கல்லையும் கொட்டித் தற்காலிகத் தடுப்பு போட்டால், மலையில் ஒரு மழை, ஒரே இரவில் எல்லாம் அடித்துக்கொண்டு போய்விடும். மறுபடியும் முதலில் இருந்து தொடங்க வேண்டும். இது ஒரு முறை அல்ல, பல முறை நடந்தது. தண்ணீர் இறங்கும் மாதங்களில் எவ்வளவு முடியுமோ அவ்வளவு கட்டி, அடுத்த வெள்ளம் வருவதற்குள் மேலே வந்தாக வேண்டும்.

அணை மட்டும் போதாது. தேங்கிய தண்ணீர் இந்தப் பக்கம் வர மலையைக் குடைய வேண்டும். பாறையில் துளை போட்டு வெடி வைத்து 5,704 அடி நீளத்துக்குச் சுரங்கம் வெட்டினார்கள். அதன் வழியாகத்தான் தண்ணீர் இறங்கி வைகையில் சேர்கிறது.

பெயர் தெரியாதவர்கள்

வேலை செய்தவர்கள் யார்? கம்பம் பள்ளத்தாக்கில் இருந்தும் மதுரைச் சீமையில் இருந்தும் போன கூலி ஆட்கள், கொச்சியில் இருந்து வந்த தச்சர்கள், சென்னை ராணுவத்தின் பயனீர் படையினர். எல்லோரும் காட்டில் கொட்டகை போட்டுத் தங்கினார்கள்.

அவர்களைக் காய்ச்சல் வாட்டியது. மலேரியா கொசுவால் வருகிறது என்பதே அப்போது தெரியாது. அது கண்டுபிடிக்கப்பட்டது அணை முடிந்த பிறகு, 1897-ல். நோயால் இறந்தவர்கள் மட்டும் 483 பேர் என்று பதிவாகி இருக்கிறது. என்ஜினீயரின் பெயர் நமக்குத் தெரிகிறது. ஜல்லி சுமந்து செத்த பெண்ணின் பெயர் தெரியவில்லை.

1895 அக்டோபர் 10-ந் தேதி சென்னை கவர்னர் வென்லாக் பிரபு திட்டத்தைத் திறந்து வைத்தார். மேற்கே ஓடிய தண்ணீர் கிழக்கே வந்தது. கம்பம் பள்ளத்தாக்கிலும் மேலூர்ப் பக்கமும் மானாவாரி நிலங்கள் நெல் வயல்களாயின.

மறு ஆண்டு பென்னிகுவிக் இங்கிலாந்து திரும்பி, கூப்பர்ஸ் ஹில் என்ஜினீயரிங் கல்லூரியின் தலைவராக 1899 வரை இருந்தார். ஆஸ்திரேலியாவில் பிரிஸ்பேன் நகர வெள்ளத்தைத் தடுக்கவும் அவரிடம் ஆலோசனை கேட்டார்கள். 1911 மார்ச் 9-ந் தேதி கேம்பர்லி என்ற ஊரில் காலமானார். அவருக்கு வயது 70.

சொத்தை விற்றாரா?

சர்க்கார் பணம் தர மறுத்ததால், இங்கிலாந்தில் இருந்த சொத்தையும் மனைவியின் நகைகளையும் விற்று அவர் அணையைக் கட்டினார் என்று ஊரில் சொல்வார்கள். அன்பினால் வளர்ந்த கதை அது. அணை கட்டப்பட்டது சென்னை சர்க்காரின் பணத்தில். செலவு 80 லட்சம் ரூபாய்க்கு மேல். தனி மனிதர் வீட்டை விற்றுக் கொடுக்கக் கூடிய தொகை அல்ல அது.

அந்தக் கதை இல்லாவிட்டாலும் அவர் பெருமை குறையாது. நடக்காது என்று எழுதி வைத்த காரியத்தை 8 ஆண்டுகள் காட்டில் நின்று முடித்தாரே, அது போதும்.

கட்டியதோடு முடியவில்லை

சுண்ணாம்புக் கட்டிடம் சிரஞ்சீவி என்று நினைத்துவிடக் கூடாது. கசியும் தண்ணீர் சுண்ணாம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துக்கொண்டு போகும். அதனால் 1930-களிலும் 1960-லும் அணையில் துளை போட்டு சிமெண்ட் பால் செலுத்தினார்கள். 1979-க்குப் பிறகு, கேரள மக்களிடம் அச்சம் எழுந்த நிலையில், உச்சியில் கான்கிரீட் பாரம் ஏற்றியும், இரும்பு வடங்களை அடிப்பாறையோடு இழுத்துக் கட்டியும், பின்பக்கம் கான்கிரீட் சேர்த்தும் பலப்படுத்தினார்கள். 2014-ல் சுப்ரீம் கோர்ட்டு 142 அடி வரை தண்ணீர் தேக்கலாம் என்று தீர்ப்பளித்தது. இரு மாநில வழக்கு பெரிய கதை. அது இங்கே வேண்டாம். கட்டினவன் போன பிறகும் கட்டிடத்தைக் கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும் என்பதுதான் நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது.

இன்று தேனி, மதுரை, திண்டுக்கல், சிவகங்கை, ராமநாதபுரம் ஆகிய 5 மாவட்டங்களுக்குப் பெரியாற்றுத் தண்ணீர் பயன்படுகிறது. லோயர் கேம்பில் 2013-ல் அவருக்கு மணிமண்டபம் திறக்கப்பட்டது. அவர் பிறந்த நாள் ஜனவரி 15. பொங்கலை ஒட்டி வரும் நாள். கம்பம் பள்ளத்தாக்கு விவசாயிகள் அன்று அவர் பெயரில் பொங்கல் வைக்கிறார்கள்.

பொங்கலுக்கு லீவு போட்டு ஊருக்குப் போகிறவர்கள் புனே வழியாகப் போனால், ஸ்டேஷனில் வண்டி நிற்கும்போது அவரை ஒரு நிமிடம் நினைத்துக்கொள்ளலாம். கூடவே அந்த 483 பேரையும். வேலை தேடி வீட்டை விட்டுப் போய், காட்டில் கல் சுமந்து, தாங்கள் குடிக்காத தண்ணீரை ஊருக்கு அனுப்பி வைத்தவர்கள் அவர்கள்.