திவான் பகதூர் இரட்டைமலை சீனிவாசனார்

நம் கழகம் 25 ஆண்டுகளை நிறைவு செய்து வெள்ளி விழாக் காணும் இவ்வேளையில், நமக்கு முன்னே நடந்து வழி சமைத்த பெருமக்களை நன்றியுடன் எண்ணுதல் நம் கடமையாகும். அவ்வரிசையில் முன்னிற்பவர் திவான் பகதூர் இரட்டைமலை சீனிவாசனார். அன்னாரின் வரலாற்றை நம் இளைஞர்கள் அறிந்து கொள்ளும் பொருட்டு இங்கே சுருங்கக் கூறுகின்றோம்.

செங்கற்பட்டு மாவட்டம் மதுராந்தகத்தை அடுத்த கோழியாளம் என்னும் சிற்றூரில், 1860-ஐ ஒட்டிய ஆண்டில் இவர் பிறந்தார். இரட்டைமலை என்பது தந்தையாரின் பெயர். வறுமையாலும் சாதிக் கொடுமையாலும் குடும்பம் சொந்த ஊரை விட்டுத் தஞ்சைக்கும், பின்னர்க் கோயம்புத்தூருக்கும் பெயர்ந்தது. கோயம்புத்தூரில் இவர் பயின்ற கல்விக்கூடத்தில் ஏறத்தாழ 400 மாணவர்கள் இருந்தனர். அவர்களுள் பத்துப் பேர் நீங்கலாக ஏனையோர் யாவரும் பார்ப்பனர். தம் ஊரும் உறவும் தெரிந்துவிட்டால் குலம் வெளிப்பட்டு இழிவுக்கு ஆளாக நேருமே என்றஞ்சி, இளஞ்சீனிவாசன் உடன் பயில்வோருடன் கலந்து பழகாது ஒதுங்கியே வாழ்ந்தார். ஓடி விளையாட வேண்டிய பருவம் ஒளிந்து வாழ்வதில் கழிந்தது.

கல்விக்குப் பின் நீலகிரியில் ஐரோப்பியர் நிறுவனங்களில் கணக்கராகப் பணியாற்றினார். அப்பணியிலேயே அமைதியாக வாழ்ந்திருக்கலாம். ஆயின் 1890-இல் சென்னைக்கு வந்து, 1891-இல் பறையர் மகாஜன சபையைத் தோற்றுவித்தார். 1893 அக்டோபரில், நான்கு பக்கங்களுடன் இரண்டணா விலையில் ஓர் இதழைத் தொடங்கினார். அவ்விதழுக்கு அவர் இட்ட பெயர் ‘பறையன்’ என்பதாகும். எந்தப் பெயர் வெளிப்படலாகாதென்று பள்ளியில் அஞ்சினாரோ, அதே பெயரை இதழின் முகப்பில் அனைவரும் காண அச்சிட்டார். பிறர் இழிவாக வழங்கிய பெயரைத் தாமே உரிமையுடன் ஏந்தி நின்றாலன்றி உரிமை கேட்கும் குரலுக்கு வலுவில்லை என்பதே அவர்தம் கருத்து. திங்களிதழாகத் தொடங்கிய அது பின்னர்க் கிழமை இதழாகி, ஏறத்தாழ ஏழாண்டுக் காலம் நம் மக்களின் குறைகளை அரசின் செவிக்கு எட்டச் செய்தது.

அக்காலத்தில் இங்கிலாந்தில் மட்டுமே நடந்து வந்த சிவில் சர்வீஸ் தேர்வை இந்தியாவிலும் நடத்த வேண்டுமென்று காங்கிரசார் கோரினர். சீனிவாசனார் அதனை எதிர்த்தார். இன்றைய இளைஞர்களுக்கு இது வியப்பாகத் தோன்றக்கூடும். பள்ளிக்கூட வாயிலே அடைக்கப்பட்டிருந்த மக்களுக்கு அத்தேர்வால் பயனில்லை; ஆளும் பதவிகள் அனைத்தும் ஆதிக்கச் சாதியினர் கைக்கே சென்று சேரும் என்பது அவர் அச்சம். 3,412 பேர் கையொப்பமிட்ட, 112 அடி நீளமுள்ள விண்ணப்பம் ஒன்று இலண்டன் பாராளுமன்றத்துக்குச் சென்றது. எழுத்தறிவு மறுக்கப்பட்ட ஒரு சமூகத்திலிருந்து அத்தனை பெயர்களைத் திரட்டுதல் எத்துணை அரிய செயல் என்பதை எண்ணிப் பாருங்கள்!

1900-இல் கடல் கடந்து சென்ற அவர், தென்னாப்பிரிக்காவில் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராகவும் பணிபுரிந்து, ஏறத்தாழ 20 ஆண்டுகளுக்குப் பின் தாயகம் திரும்பினார். 1923-இல் சென்னைச் சட்டசபையின் நியமன உறுப்பினரானார். பொதுச் சாலை, தெரு, கிணறு, குளம், அரசு அலுவலகம் ஆகியவற்றை எவ்வகுப்பினரும் தடையின்றிப் பயன்படுத்தலாம் என்னும் தீர்மானம் 1924-இல் அச்சபையில் நிறைவேறி, 1925-இல் அரசிதழில் வெளியாயிற்று. இவ்வுரிமைக்காக உழைத்த உறுப்பினர்களுள் சீனிவாசனாரும் வீரையன் அவர்களும் நம் நன்றிக்குரியோர். தீர்மானம் வந்ததனாலேயே தெருக்கள் யாவும் திறந்துவிடவில்லை. ஆயினும் அந்நாள் முதல், தடுத்தவன் வழக்கத்தைக் காட்டிய இடத்தில் நம்மவர் அரசாணையைக் காட்ட முடிந்தது.

1930, 1931 ஆகிய ஆண்டுகளில் இலண்டனில் நடைபெற்ற வட்டமேசை மாநாடுகளில், அண்ணல் அம்பேத்கருடன் தாழ்த்தப்பட்டோர் சார்பில் அமர்ந்தவர் சீனிவாசனார். 1932-இல் வகுப்புவாரித் தீர்ப்பு வழங்கிய தனித்தொகுதி உரிமை, காந்தியடிகளின் உண்ணாநோன்பை அடுத்துக் கைவிடப்பட்டது. அதற்கு ஈடாக, மாகாணச் சட்டசபைகளில் 71 ஆக இருந்த இடங்கள் பூனா ஒப்பந்தத்தால் 148 ஆயின. அவ்வொப்பந்தத்தில் கையொப்பமிட்டோருள் இவரும் ஒருவர். அதனால் பெற்றது மிகுதியா, இழந்தது மிகுதியா என்னும் வழக்கு நம்மிடையே இன்னும் ஓயவில்லை.

1936-இல் திவான் பகதூர் பட்டம் பெற்றார். 1939-இல் தம் வரலாற்றைத் தாமே சுருக்கி எழுதி வெளியிட்டார். அந்நூல் இல்லையேல் அவர்தம் பள்ளிப் பருவத் துயரை நாம் அறிந்திருக்க மாட்டோம். 1945 செப்டம்பர் 18-ஆம் நாள் மறைந்தார். 2000-ஆம் ஆண்டில் இந்திய அஞ்சல் துறை அவர் உருவம் பொறித்த தலையை வெளியிட்டுப் பெருமை செய்தது.

இளைஞர்களே! வாடகைக்கு வீடு கேட்கும் போதும், பணியிடத்தில் ஊரை வினவும் போதும் நம் பிள்ளைகளில் பலர் இன்றும் சொல்லத் தயங்கி நிற்கின்றனர். அத்தயக்கத்தை நாம் குற்றமென்று கூறோம். சீனிவாசனாரும் அதனை அறிந்தவரே. ஆயினும் அவர் அதிலேயே நின்றுவிடவில்லை. கற்ற கல்வியை ஒளிந்துகொள்ளும் திரையாக்காமல், இதழாகவும் விண்ணப்பமாகவும் தீர்மானமாகவும் மாற்றினார். நம் கழகத்தில் பயின்று வெளியேறும் ஒவ்வொருவரும் ஒரு விண்ணப்பமேனும் பிறருக்காக எழுதித் தருவாராயின், அதுவே அப்பெருந்தகைக்கு நாம் செலுத்தும் அஞ்சலியாகும்.