டெலிபதியைத் தேடினார்... மூளையின் தாளம் கிடைத்தது! யார் இந்த ஹான்ஸ் பெர்கர்?

வலிப்பு வந்தால் டாக்டர்கள் எடுக்கச் சொல்லும் பரிசோதனைகளில் ஒன்று இ.இ.ஜி. தலையில் ஒயர்களை ஒட்டி மூளையின் மின் அலைகளைப் பதிவு செய்வார்கள். மனிதர்களிடம் அதை முதலில் செய்து காட்டியவர், ஜெர்மனியின் மனநல மருத்துவர் ஹான்ஸ் பெர்கர். ஆனா, அவர் தேடிப் போனது டெலிபதியை!

ஒரு தந்தி

1873-ல் கோபுர்க் நகருக்கு அருகே பிறந்த பெர்கர், கல்லூரிப் படிப்பை இடையில் விட்டு ராணுவத்தில் சேர்ந்தார். பயிற்சியின்போது குதிரையிலிருந்து விழுந்தவர், பீரங்கி வண்டியின் சக்கரத்தில் சிக்காமல் மயிரிழையில் தப்பினார். அன்று மாலையே அப்பாவிடமிருந்து நலம் விசாரித்துத் தந்தி வந்தது. அவருக்கு ஏதோ ஆபத்து என்று வீட்டிலிருந்த சகோதரிக்கு மனசில் பட்டிருந்ததாம்.

எண்ணம் எப்படி அவ்வளவு தூரம் போனது? இந்தக் கேள்வி அவரை விடவே இல்லை. மருத்துவம் படித்து, யேனா நகர மனநல மருத்துவமனையில் சேர்ந்தார். மூளையின் ரத்த ஓட்டம், வெப்பநிலை என வருடக்கணக்கில் அளந்தார். பெரிதாக எதுவும் சிக்கவில்லை.

5 ஆண்டு தயக்கம்

1924 ஜூலை 6. மூளை அறுவை சிகிச்சையின்போது 17 வயது இளைஞரிடம் மின் அலையைப் பதிவு செய்தார். அது நிஜமாகவே மூளையிலிருந்துதான் வருகிறதா, இதயத் துடிப்பா, தசை அசைவா? சந்தேகம் தீராமல் மகனிடமும் மற்றவர்களிடமும் திரும்பத் திரும்பச் சோதித்தார். 1929-ல்தான் கட்டுரை வெளியிட்டார்.

கண்ணை மூடினால் விநாடிக்குச் சுமார் 10 முறை ஏறி இறங்கும் அலை. கண்ணைத் திறந்தால் அடங்கிவிடும். அதற்கு ஆல்ஃபா என்று பெயர் வைத்தார். பலர் நம்பவில்லை. 1934-ல் கேம்பிரிட்ஜில் நோபல் விஞ்ஞானி ஏட்ரியனும் மேத்யூஸும் அதே அலையைப் பார்த்த பிறகுதான் உலகம் திரும்பிப் பார்த்தது.

அப்போ, தாளம் போடுறது யாரு?

ஒற்றை நியூரானின் மின்சாரம் மண்டை ஓட்டைத் தாண்டித் தெரியாது. லட்சக்கணக்கான நியூரான்கள் சேர்ந்து ஏறி இறங்கினால்தான் தெரியும். சேர்த்து வைப்பது யார்?

மூளையின் மேலடுக்கில் சுமார் 80% நியூரான்கள் தூண்டும் வகை. 20% அடக்கும் வகை. தூண்டுபவை குளூட்டமேட் என்ற ரசாயனத்தால் பக்கத்து நியூரான்களை உசுப்பும். அதில் அடக்கும் நியூரான்களும் விழித்துக்கொள்ளும். அவை காபா என்ற ரசாயனத்தை வெளியிட்டு, பெரிய கூட்டத்தையே ஒரே நேரத்தில் அமைதியாக்கும். சில மில்லி விநாடிகளில் அந்தப் பிடி தளரும். எல்லோருக்கும் ஒன்றாகத் தளர்வதால், எல்லோரும் ஒன்றாகவே மறுபடி கிளம்புவார்கள். திரும்ப அடக்கம், திரும்பக் கிளர்ச்சி. காமா என்ற வேகமான அலைகள் இப்படித்தான் பிறக்கின்றன. பெர்கரின் ஆல்ஃபா மெதுவானது. அதில் தலாமஸ் என்ற உள்மூளைப் பகுதிக்கும் பங்குண்டு. அங்கேயும் தூண்டலும் அடக்கலும்தான் ஆட்டம்.

பிரேக் பலவீனமானால் தூண்டல் கட்டுமீறிப் பரவலாம். அதுதான் வலிப்பு. அவசர சிகிச்சையில் கொடுக்கும் லோராசிபாம் போன்ற மருந்துகள் காபாவின் வேலைக்குப் பலம் சேர்க்கின்றன.

கடைசி அத்தியாயம்

காபா மூளையில் இருப்பது 1950-ல்தான் தெரியவந்தது. அதைக் கேட்க பெர்கர் இல்லை. 1938-ல் ஓய்வு பெற்றவர், மன அழுத்தத்தால் 1941-ல் உயிரை மாய்த்துக்கொண்டார். நாஜிகளால் பாதிக்கப்பட்டவர் என்றே நீண்ட காலம் பேசப்பட்டார். ஆனா, கட்டாயக் கருத்தடைக்கு உத்தரவிட்ட நாஜி நீதிமன்றத்தில் அவரும் பணியாற்றியதைப் பிற்கால ஆய்வுகள் வெளிக்கொண்டு வந்தன. கண்டுபிடிப்பின் பெருமையோடு இதையும் சேர்த்தே அவரை நினைவில் வைக்க வேண்டியிருக்கிறது.

அவர் நம்பிய டெலிபதிக்கு இ.இ.ஜி-யில் ஆதாரம் கிடைக்கவில்லை. அவர் பதிவு செய்த அலையோ, இன்று வலிப்பு வார்டிலும் ஐ.சி.யூ-விலும் திரையில் ஓடிக்கொண்டிருக்கிறது.