சிரிக்க வைத்த ஸ்காட்லாந்துக்காரர்

ஸ்காட்லாந்து என்றதும் நம் மனக்கண்ணில் ஓர் உருவம் தோன்றுகிறது. முழங்கால்வரை தொங்கும் கட்டம்போட்ட 'கில்ட்' என்னும் ஆடை. இடுப்பின் முன்புறம் ஒரு தோல்பை. தலையில் தட்டையான தொப்பி. கையில் ஒரு தடி. போதாததற்குக் காசை எண்ணி எண்ணிச் செலவிடும் குணம் வேறு. அந்நாட்டைக் கண்ணால் காணாதவர்களும் இவ்வுருவத்தை அறிவர். இதனை உலகெங்கும் பரப்பியவர்களுள் தலையாயவர், நாற்பது ஆண்டுகள் தனி ஒருவராய் மேடையேறிப் பாடியும் பேசியும் மக்களைச் சிரிக்க வைத்த சர் ஹாரி லாடர் ஆவார்.

தம் மக்களின் உடையையும் பேச்சையும் வழக்கத்தையும் மேடையில் காட்டிப் பிறரைச் சிரிக்க வைப்பவர், அம்மக்களுக்கு நன்மை செய்கிறாரா, இழிவு தேடித் தருகிறாரா? லாடரைக் குறித்து இவ்வினா அவர் வாழ்ந்த காலத்திலேயே எழுந்தது. விடை காண விரும்புவோர் அவருடைய வாழ்க்கையை முதலிலிருந்து நோக்குதல் வேண்டும்.

பிறப்பும் இளமையும்

ஹாரி லாடர் 1870ஆம் ஆண்டு ஆகஸ்ட் 4ஆம் நாள், எடின்பரோவை அடுத்த போர்ட்டபெல்லோ என்னும் கடற்கரையூரில் பிறந்தார். ஏழு குழந்தைகளில் இவரே மூத்தவர். தந்தையார் பீங்கான் தொழிலில் கைதேர்ந்தவர். அத்தொழிலை நாடி அவர் இங்கிலாந்து சென்ற 1882ஆம் ஆண்டிலேயே நிமோனியாக் காய்ச்சலால் உயிர் நீத்தார். அப்போது ஹாரிக்கு வயது பன்னிரண்டும் நிரம்பவில்லை. தாயார் குழந்தைகளை அழைத்துக்கொண்டு ஆர்புரோத் நகருக்கு வந்தார்.

அங்கே ஆளிநார் நூற்கும் ஆலை ஒன்றில் சிறுவன் ஹாரி 'அரைநேரத் தொழிலாளி' ஆனான். பாதி வேலை, பாதி பள்ளிப் படிப்பு என்பது அக்கால ஏற்பாடு. வாரக் கூலி 2 ஷில்லிங் 1 பென்னி. அவ்வூர் மன்றம் ஒன்றில் நடந்த பாட்டுப் போட்டியில், பதின்மூன்றாம் வயதில், முதன்முதலாக மேடையேறிப் பாடி ஒரு கடியாரத்தைப் பரிசாகப் பெற்றான். வறுமையில் உழன்ற அந்தப் பிள்ளைக்குக் குரலும் ஒரு சொத்து என்பதை உணர்த்திய முதல் நிகழ்ச்சி அதுவே எனலாம்.

1884இல் குடும்பம் ஹாமில்டன் நகருக்குக் குடிபெயர்ந்தது. கிளாஸ்கோவை அடுத்த அந்தப் பகுதி நிலக்கரிச் சுரங்கங்கள் நிறைந்தது. ஹாரி சுரங்கத்தில் இறங்கினார். பத்தாண்டுகள் அவருடைய பகற்பொழுது மண்ணுக்கடியிலேயே கழிந்தது. இருளில் வேலை செய்யும்போதும் அவர் பாடுவார். உடன் உழைத்தவர்களே அவருடைய முதல் இரசிகர்கள். அந்த வாழ்வை அவர் பிற்காலத்திலும் மறக்கவில்லை. புகழின் உச்சியில் இருந்தபோது, நாடாளுமன்றத்தில் வின்ஸ்டன் சர்ச்சிலைச் சந்திக்கும் வாய்ப்புக் கிடைத்தது. அப்போது அவர் பேச எடுத்துக்கொண்ட பொருள், சுரங்கத்துக்குள் கரிவண்டி இழுத்து மாயும் மட்டக்குதிரைகளின் துயரமேயாகும்.

1891இல் சுரங்க அதிகாரி ஒருவரின் மகளான நான்ஸியை மணந்தார். அவ்வாண்டே ஜான் என்னும் ஒரே மகன் பிறந்தான்.

மேடையும் வேடமும்

அந்நாளில் பிரிட்டனில் 'மியூசிக் ஹால்' என்னும் அரங்குகள் செழித்திருந்தன. பாட்டு, ஆட்டம், வித்தை, நகைச்சுவை அனைத்தும் ஒரே மாலையில் கிடைக்கும் இடங்கள் அவை. உழைக்கும் மக்களே பெரும்பாலும் அங்குக் கூடுவர். சிற்றூர் மேடைகளில் பாடிப் பழகிய லாடர், 1894இல் சுரங்கத்தை விட்டு முழுநேரக் கலைஞரானார். தொடக்கத்தில் அயர்லாந்துக்காரர் வேடமிட்டுப் பாடும் நகைச்சுவைப் பாடல்களும் அவர் கைவசம் இருந்தன. 1900ஆம் ஆண்டு இலண்டன் மேடையில் அவர் அடியெடுத்து வைத்தபோது ஒரு சிக்கல் எதிர்ப்பட்டது. ஸ்காட்லாந்தின் அழுத்தமான வட்டாரப் பேச்சு இலண்டன் மக்களுக்கு விளங்கவில்லை. அதனாலேயே அங்குச் சென்று தோற்றுத் திரும்பிய ஸ்காட்லாந்துக் கலைஞர் பலர்.

லாடர் ஒரு வழி கண்டார். கடினமான சொற்களைக் குறைத்தார். ஆனால் ஓசையை விடவில்லை. நாக்கு உருளும் அந்த உச்சரிப்பும் ஏற்ற இறக்கமும் அப்படியே இருந்தன. கேட்பவர்களுக்குப் பொருளும் விளங்கிற்று. இவர் எந்த மண்ணைச் சேர்ந்தவர் என்பதும் விளங்கிற்று. கூடவே கில்ட் ஆடையும் முறுக்கேறிய கோணல் தடியும் சேர்ந்துகொண்டன.

அவருடைய நிகழ்ச்சியின் அமைப்பு எளிமையானது. ஒரு பாடலைத் தொடங்குவார். அது காதலியைப் பற்றியதாகவோ, கலியாண நாளைப் பற்றியதாகவோ, விடியற்காலையில் படுக்கையை விட்டு எழ மனமில்லாத ஒருவனைப் பற்றியதாகவோ இருக்கும். நடுவில் பாட்டை நிறுத்திவிட்டு அக்கதை மாந்தனாகவே மாறிப் பேசத் தொடங்குவார். தாமே தம் பேச்சில் மயங்கிச் சிரிப்பார், அரங்கமும் சிரிக்கும். மீண்டும் பாட்டு, பல்லவியில் அனைவரும் சேர்ந்துகொள்வர். பாடல்களிற் பெரும்பாலானவற்றின் ஆக்கத்தில் அவருக்கும் பங்கு இருந்தது.

இங்கே ஓர் உண்மையைக் குறிப்பிட வேண்டும். கில்ட் என்பது ஸ்காட்லாந்தின் வடக்கிலும் மேற்கிலும் உள்ள மலைநாட்டு மக்களின் உடை. லாடரோ தாழ்நிலப் பகுதியில் பிறந்து ஆலையிலும் சுரங்கத்திலும் வளர்ந்தவர். மலைநாட்டாரின் கிளர்ச்சியை ஒடுக்கிய பிரிட்டிஷ் அரசு, 1746இல் சட்டமியற்றி அந்த உடையையே தடை செய்தது. 1782வரை அத்தடை நீடித்தது. பின்னர் 1822இல் நான்காம் ஜார்ஜ் மன்னர் எடின்பரோவுக்கு வந்தபோது, நாவலாசிரியர் சர் வால்ட்டர் ஸ்காட் அமைத்த வரவேற்பில் மன்னரே கில்ட் அணிந்தார். ஒரு காலத்தில் குற்றமாயிருந்த உடை, மெல்ல மெல்ல ஸ்காட்லாந்து முழுமைக்கும் அடையாளமாயிற்று. அந்த அடையாளத்தைத்தான் லாடர் அரங்கத்துக்குக் கொண்டுவந்தார்.

கடல் கடந்த புகழ்

1907இல் அவர் முதன்முறையாக அமெரிக்கா சென்றார். பின்னர் மொத்தம் 22 முறை அந்நாட்டில் சுற்றுப்பயணம் செய்தார். அவருக்கென்றே தனி இரயில் ஒன்று ஓடியது என்றால், அவருக்கிருந்த வரவேற்பை ஊகித்துக்கொள்ளலாம். ஆஸ்திரேலியா, தென்னாப்பிரிக்கா முதலிய நாடுகளுக்கும் சென்றார். 1908இல் ஏழாம் எட்வர்ட் மன்னர் அவரை அழைத்துப் பாடச் செய்து மகிழ்ந்தார். அவருடைய இசைத்தட்டுகள் இலட்சக்கணக்கில் விற்பனையாயின.

இத்துணை வரவேற்புக்குக் காரணம் நகைச்சுவை மட்டுமன்று. பதினெட்டு, பத்தொன்பதாம் நூற்றாண்டுகளில் நிலத்தை இழந்தும் வேலை தேடியும் ஸ்காட்லாந்து மக்கள் கூட்டங்கூட்டமாய்க் கப்பலேறினர். கனடாவிலும் அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் அவர்களுடைய பேரர்களும் பெயர்த்திகளும் வாழ்ந்தனர். தாத்தா பேசிய பேச்சின் ஓசையை ஒரு மாலைப்பொழுதேனும் கேட்க அவர்கள் அரங்கங்களை நிறைத்தனர். மற்றவர்கள் வேடிக்கை காண வந்தனர். இவர்கள் பிறந்த வீட்டைக் காண வந்தவர்கள் போல் வந்தனர்.

போரும் புத்திர சோகமும்

1914 ஆகஸ்டில் முதல் உலகப்போர் மூண்டபோது லாடர் ஆஸ்திரேலியாவில் இருந்தார். கேம்பிரிட்ஜில் பயின்ற மகன் ஜானும் அப்போது அங்கே வந்திருந்தார். அவருக்குப் படையிலிருந்து அழைப்பு வந்தது. தாயகம் திரும்பிய லாடர், தம் சொந்தச் செலவில் பைப் வாத்தியக் குழு ஒன்றை அமைத்து, இளைஞர்களைப் படையில் சேர்க்க ஊர் ஊராய் அனுப்பினார். மேடையிலும் அதற்காகப் பேசினார். சிரிப்பூட்டிய கில்ட், ஆள் சேர்க்கும் கொடியாகவும் மாறியது.

1916 டிசம்பர் 28ஆம் நாள், கேப்டன் ஜான் லாடர் பிரான்ஸ் நாட்டுப் போர்முனையில் கொல்லப்பட்டார். 1917ஆம் ஆண்டின் புத்தாண்டு நாளன்று தந்தி வந்தது. அப்போது லாடர் இலண்டன் அரங்கு ஒன்றில் நாள்தோறும் நடித்துக்கொண்டிருந்தார். சில நாள்களுக்குப் பின் அதே அரங்கில் மீண்டும் தோன்றினார். போர்வீரரைப் போற்றும் பாடல் ஒன்றும் அந்நிகழ்ச்சியில் உண்டு. பிற வீட்டுப் பிள்ளைகளை அனுப்பச் சொன்ன வாய், தன் பிள்ளையை இழந்தபின் என்ன பாடும்? அரங்கத்தில் இருந்தவர்களுக்கும் அது தெரிந்தே இருந்தது. அவர் நிகழ்ச்சியை முடித்துவிட்டே இறங்கினார்.

அவ்வாண்டின் கோடையில் அவர் போர்முனைக்கே சென்றார். காரில் கட்டி எடுத்துச் செல்லத்தக்க சிறு பியானோ ஒன்று துணை. ஒரு பாதிரியாரும் நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவரும் உடன் சென்றனர். மூவரின் பட்டங்களையும் ஒன்றாகச் சேர்த்து, 'வணக்கத்துக்குரிய ஹாரி லாடர் எம்.பி.' பயணம் என்று அதற்கு வேடிக்கையாகப் பெயரிட்டுக்கொண்டனர். பீரங்கி ஓசைக்கிடையே வீரர்களுக்குப் பாடினார். அதே பயணத்தில் மகனின் கல்லறையையும் கண்டார்.

அங்குக் கை கால் இழந்த இளைஞர்களைக் கண்டபின், ஊனமுற்ற ஸ்காட்லாந்துப் போர்வீரர்களுக்கும் கடற்படையினருக்கும் வாழ வழிசெய்ய, பத்து இலட்சம் பவுன் திரட்டும் நிதியொன்றைத் தொடங்கினார். போர்க்காலத் தொண்டுக்காக 1919இல் 'சர்' பட்டம் கிடைத்தது. மகனை இழந்த துயரிலிருந்து பிறந்ததாகக் கூறப்படும் அவருடைய பாடல் ஒன்று, வழி நெடிதாயினும் முடிவுவரை நடந்துசெல்ல வேண்டும் என்னும் கருத்தை உடையது. பர்மிங்காம் நகரக் கால்பந்துச் சங்கத்தின் அன்பர்கள் இன்றும் அதனை மைதானத்தில் பாடுகின்றனர்.

எழுந்த கண்டனம்

1920களில் ஸ்காட்லாந்து இலக்கியத்தில் ஒரு மறுமலர்ச்சி தோன்றியது. அதன் முன்னோடியான கவிஞர் ஹியூ மக்டயர்மிட், லாடரைக் கடுமையாகச் சாடினார். ஆங்கிலேயரும் அமெரிக்கரும் கைகொட்டிச் சிரிக்க ஒரு பழம்பெரும் நாட்டைக் கோமாளியாக்கினார் என்பதே குற்றச்சாட்டின் சாரம். கஞ்சத்தனத்தைப் பற்றித் தம்மையே வைத்து லாடர் சொன்ன வேடிக்கைகள், ஒரு மக்களினத்தின் மீதே ஒட்டிக்கொண்டன என்பது மெய்தான்.

இன்னொன்றும் உண்டு. அன்றைய ஸ்காட்லாந்து மக்களுள் மிகப் பெரும்பாலோர் தாழ்நிலத்தில், ஆலைப் புகையிலும் கப்பல்தளங்களிலும் சுரங்கங்களிலும் உழன்றனர். அந்த வாழ்வை லாடரைவிட நன்கு அறிந்த மேடைக் கலைஞர் யார்? ஆயினும் உலகம் அவரிடம் கேட்டது மலையும் மலரும் காதலியுமே. அவரும் அதையே பெரிதும் கொடுத்தார். ஆர்புரோத்து ஆலைச் சிறுவனை அந்த வண்ணமயமான கில்ட் மூடி மறைத்துவிட்டது.

இறுதி நாள்கள்

1927இல் மனைவியார் மறைந்தார். மகனுக்கு எழுப்பிய நினைவுச்சின்னத்தின் அருகில் அவர் அடக்கம் செய்யப்பட்டார். 1930களில் லாடர் மேடையிலிருந்து ஓய்வு பெற்றார். இரண்டாம் உலகப்போர் வந்ததும், எழுபது வயது முதியவராய் மீண்டும் வீரர்களுக்குப் பாடச் சென்றார். 1950 பிப்ரவரி 26ஆம் நாள் ஸ்ட்ரேவன் என்னும் ஊரில் தம் இல்லத்தில் காலமானார். உலகெல்லாம் சுற்றியவரின் உடல், அவர் கரி வெட்டிய ஹாமில்டன் நகரின் இடுகாட்டில், தாயாரின் கல்லறையிலேயே துயில்கிறது.

நமக்கு அவர் வாழ்க்கை கூறுவது யாது? மக்டயர்மிட்டின் குற்றச்சாட்டைப் பொய் என்று தள்ள இயலாது. எனினும் ஒரு மனிதர் தம் தோளில் ஒரு நாடு முழுவதையும் சுமத்தல் அரிது. அவர் எடுத்துச் சென்றது ஒரு பகுதியே. கடல் கடந்து வாழ்ந்தவர்களுக்கு அப்பகுதியே பேராறுதலாயிற்று. கை கால் இழந்தவர்களுக்குச் சோறும் ஆயிற்று. ஆனால் அதையே முழுமை என்று உலகம் எண்ணிவிட்டது. அந்தப் பிழையில் பாடியவருக்கு உள்ள பங்கைவிட, வேறொன்றும் கேட்க விரும்பாத அரங்கங்களுக்கு உள்ள பங்கு மிகுதி. ஒரு வட்டாரப் பேச்சைக் கேட்டு நாம் சிரிக்கும்போதெல்லாம், அப்பேச்சுக்குரியவர்களின் உழைப்பும் துயரமும் அச்சிரிப்புக்குப் பின்னால் உண்டு என்பதை எண்ணிப் பார்ப்போமாக.