பறவை நோக்கிய வாழ்வு: சலீம் அலி

வீரபாண்டியில் கௌமாரியம்மன் திருக்கோயிலைத் தழுவி ஓடும் முல்லையாற்றின் கரையில் நின்று தென்திசை நோக்கினால் மேகமலைத் தொடர் தெரியும். அம்மலையில் 1948-ஆம் ஆண்டு, தேயிலைத் தோட்டத்தில் பணியாற்றிய ஆங்கஸ் ஹட்டன் என்பார் பழந்தின்னி வௌவால் ஒன்றைப் பிடித்துப் பதப்படுத்திப் பம்பாய்க்கு அனுப்பினார். அது எங்கும் காணப்படும் சாதாரண வகையே எனப் பெயர்ச்சீட்டு எழுதப்பட்டு, கால் நூற்றாண்டுக் காலம் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் பேழையுள் கிடந்தது. கிட்டி தோங்லோங்யா என்னும் தாய்லாந்து அறிஞர் அதனை மறுபடியும் ஆராய்ந்து, இதுவரை அறியப்படாத ஒரு புதிய பேரினம் என 1972-இல் அறிவித்தார். அதற்கு அவர் சூட்டியது சலீம் அலியின் பெயர். வாழ்நாள் முழுதும் பறவைகளின் பின்னே அலைந்தவர் பெயரை நம் மலையில் ஒரு வௌவால் சுமந்து திரிவது விந்தையே.

சலீம் அலி 1896 நவம்பர் 12-ஆம் நாள் பம்பாயில் பிறந்தார். பெற்றோருக்குப் பத்தாவது மகவு. சிறு வயதிலேயே தாய் தந்தை இருவரையும் இழந்து, தாய்மாமன் அமீருத்தீன் தயாப்ஜியின் இல்லத்தில் வளர்ந்தார். சிறுவனாக இருந்தபோது விளையாட்டுத் துப்பாக்கியால் ஒரு குருவியைச் சுட்டார். அதன் தொண்டையில் மஞ்சள் நிறம் படர்ந்திருந்தது. அது என்ன குருவி என்று கேட்டபோது மாமனுக்கும் விடை தெரியவில்லை. அவர் சிறுவனை இயற்கை வரலாற்றுக் கழகத்தின் செயலாளர் மில்லார்டிடம் அனுப்பினார். மில்லார்டு அன்று திறந்து காட்டிய பேழைகளுள் அடுக்கி வைத்திருந்த பறவைகளே அச்சிறுவனின் வாழ்வைத் தீர்மானித்தன.

பின்னர்ப் பர்மாவில் குடும்பத் தொழிலைக் கவனிக்கச் சென்றதும், அத்தொழிலில் நட்டம் கண்டதும், 1918-இல் தெஹ்மினாவை மணந்ததும் விரித்துரைக்க வேண்டுவன அல்ல. பல்கலைக்கழகப் பட்டம் இல்லாமையால் அவருக்குத் தக்க பதவி வாய்க்கவில்லை என்பது மட்டும் குறிக்கத்தக்கது. அருங்காட்சியகத்தில் விளக்கவுரையாளராகச் சில காலம் இருந்து, பெர்லின் சென்று ஸ்ட்ரெஸ்மன் என்னும் பேரறிஞரிடம் பயின்று, 1930-இல் மீண்டபோது அப்பதவியே ஒழிக்கப்பட்டிருந்தது.

வேலையற்ற அக்காலமே அவரை ஆய்வாளராக்கிற்று. கிஹிம் என்னும் கடற்கரைச் சிற்றூரில் குடியிருந்து, 1930-ஆம் ஆண்டு மழைக்காலத்தில் தூக்கணாங்குருவிகளை நாள்தோறும் நோக்கினார். ஆண்குருவி கூட்டைப் பாதி முடைந்து நிறுத்துகிறது. பெண்குருவி வந்து பார்த்து, ஏற்றுக்கொண்டால் மட்டுமே மீதி முடைகிறது. அக்கூட்டில் முட்டை இடப்பட்டதும் ஆண் அடுத்த கூட்டைத் தொடங்கி மற்றொரு பெண்ணை அழைக்கிறது. தூக்கணாங்குருவியின் கூட்டைக் கைவினைத் திறனுக்கு உவமையாக்கிப் பழகிய நமக்கு, அப்பாதிக் கூடு ஒரு தேர்வுக்களம் எனக் காட்டியவர் அவர்.

1933-இல் திருவிதாங்கூர் அரசின் ஆதரவோடு அந்நாட்டுப் பறவைகளை ஆய்ந்தார். கம்பத்திலிருந்து மலையேறினால் எட்டும் குமுளியும், 1895-இல் கட்டி முடிக்கப்பட்ட அணையால் உருவான பெரியாற்று நீர்த்தேக்கமும் அவ்வாய்வில் அவர் முகாமிட்ட இடங்களைச் சேர்ந்தவை. பள்ளத்தாக்கின் இருபோக வயல்களுக்குப் பாயும் நீர் பிறக்குமிடத்தை அவர் நேரில் கண்டவர். அந்நாளைய முறைப்படி பறவைகளைச் சுட்டு வீழ்த்தியே மாதிரி சேர்த்தார். பறவை அன்பர்க்கு இது உறுத்தலாம். அவர் அதனை மறைத்தவர் அல்லர்.

1939-இல், சிறிய அறுவை மருத்துவம் ஒன்றையடுத்துத் தெஹ்மினா மறைந்தார். முகாம்தோறும் துணைவந்த மனைவியை இழந்தவர், மறுமணம் செய்யாது உடன்பிறந்தாள் இல்லத்தில் தங்கிக்கொண்டார். இந்தியப் பறவைகள் பற்றிய அவருடைய புகழ்பெற்ற நூல் 1941-இல் வெளிவந்தது. தில்லான் ரிப்ளியோடு சேர்ந்து எழுதிய பத்துத் தொகுதிக் கையேடு 1968 முதல் 1974 வரை வெளியாயிற்று.

நீர்நிலைப் பறவைகளின் ஆய்வுக்குப் பொருள் வந்த வழி வியப்பானது. 1957-இல் கருநாடகக் காடுகளில் உண்ணிகளால் பரவும் ஒரு காய்ச்சல் தோன்றிற்று. வடபுலத்திலிருந்து வலசை வரும் பறவைகள் அதனைக் கொணர்ந்தனவோ என ஐயுற்ற உலக சுகாதார நிறுவனம், பறவைகளின் காலில் வளையமிட்டு வழியறியும் ஆய்வுக்கு உதவியது. வளையமிடப்பட்ட வாத்துகள் சைபீரியச் சதுப்புநிலங்கள் வரை சென்றமை புலனாயிற்று. நம் கோடியக்கரையின் சிறப்பை எடுத்துரைத்தவரும் அவரே. அது 1967-இல் சரணாலயமாயிற்று.

ஆயினும் அவர் பெயரோடு பிரிக்கவியலாதது இராசத்தானத்துப் பரத்பூர். அது இயற்கை ஏரி அன்று. நம் கண்மாய்களைப் போலக் கரை எழுப்பி நீர் தேக்கிய 29 சதுர கிலோமீட்டர் நிலம். மன்னர்தம் வாத்து வேட்டைக்கென அமைந்தது. 1938 நவம்பர் 12 அன்று, வைசிராய் லின்லித்கோ கலந்துகொண்ட வேட்டையில், ஒரே நாளில் 4,273 பறவைகள் வீழ்ந்தன. சலீம் அலிக்கு அன்று நாற்பத்திரண்டு வயது நிறைந்தது. விடுதலைக்குப்பின் அதனை வடித்து வயலாக்க வேண்டும் என்ற குரல் எழுந்தபோது, நேருவின் துணைகொண்டு அதனைக் காத்தவர்களுள் அவர் முதன்மையானவர்.

1981-இல் அது தேசியப் பூங்கா என அறிவிக்கப்பட்டது. கால்நடைகளை வெளியேற்ற வேண்டும் என்பது சலீம் அலியின் கருத்து. 1982-இல் மேய்ச்சல் தடை செய்யப்பட்டது. தலைமுறை தலைமுறையாக எருமை மேய்த்த சுற்றுப்புறச் சிற்றூர் மக்கள் எதிர்த்தனர். காவல்துறையினர் சுட்டதில் உயிர்கள் பலியாயின.

அதன்பின் நேர்ந்ததை நம் இலக்கண ஆசிரியர்கள் கேட்டிருந்தால் வியந்திருக்கமாட்டார்கள். அகப்பொருள் இலக்கணம் மருதத்தின் கருப்பொருள்களை வகுக்கையில் விலங்குள் எருமையையும் பறவையுள் நாரையையும் தாராவையும் ஒரே திணையில் வைத்தது. பரத்பூரில் எருமை நீங்கியதும், அதுவரை அது மேய்ந்து அடக்கி வைத்திருந்த ஒருவகை நீர்ப்புல் தடையின்றிப் படர்ந்தது. திறந்த நீர்ப்பரப்பு சுருங்கியது. வாத்துகளுக்கு நீந்தவும் நாரைகளுக்கு மீன் தேடவும் இடம் குறைந்தது. பறவைகள் குறைந்தன.

இதனைக் கண்டறிந்தது, 1980-இல் அங்குத் தொடங்கிய பத்தாண்டு நீர்நிலைச் சூழலாய்வு. சலீம் அலியின் முயற்சியில் உருவாகி, அவர் பழக்கிய முறையிலேயே இளம் ஆய்வாளர்கள் நீரையும் புல்லையும் பறவையையும் பருவந்தோறும் அளந்து குறித்தனர். 1985-இல் மாநிலங்களவைக்கு நியமிக்கப்பெற்ற அவர், 1987-இல் தம் தொண்ணூறாம் வயதில் மறைந்தார். ஆய்வின் நிறைவறிக்கை 1991-இல் வந்தது. எருமை மேய்ச்சல் அந்நிலத்துக்கு வேண்டும் என்று அது முடிவுரைத்தது. அதனை வெளியிட்டது, மஞ்சள் தொண்டைக் குருவியைக் கையிலேந்தி ஒரு சிறுவன் படியேறிச் சென்ற அதே பம்பாய்க் கழகம்.