‘டயாலிசிஸ்’ என்று பெயர் வைத்தவர் டாக்டர் இல்லை! யார் இந்த தாமஸ் கிரஹாம்?

சிறுநீரகம் செயலிழந்தவர்களின் வீடுகளில் ‘டயாலிசிஸ்’ ஓர் அன்றாட வார்த்தை. அந்தப் பெயரை அறிவியலுக்குக் கொடுத்தவர் தாமஸ் கிரஹாம் என்ற வேதியியலாளர்.

அப்பாவின் ஆசை வேற

1805-ல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் பிறந்தவர். ஜவுளி உற்பத்தியாளரான அப்பாவுக்கு, மகன் பாதிரியார் ஆகணும்னு ஆசை. மகனோ கெமிஸ்ட்ரிதான் என்று நின்றார். வீட்டிலிருந்து வந்த பணம் நின்றது. பாடம் சொல்லிக்கொடுத்தும் எழுதியும் சமாளித்தார். அம்மா மட்டும் கைவிடவில்லை. 1837-ல் லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் பேராசிரியர், 1855-ல் பிரிட்டிஷ் அரசு நாணயச் சாலையின் தலைவர் என்று உயர்ந்தார். ஆராய்ச்சியை மட்டும் விடவே இல்லை.

ஒரு காகிதம், ஒரு கேள்வி

ஒரு வளையத்தில் பார்ச்மென்ட் காகிதத்தை இழுத்துக் கட்டி, அதற்குள் கரைசலை ஊற்றி, தண்ணீரில் மிதக்கவிட்டார். உப்பு, சர்க்கரை போன்றவை காகிதத்தைத் தாண்டி வெளியே வந்தன. ஜெலட்டின் போன்ற பசைப் பொருள்கள் உள்ளேயே தங்கின. சிறுநீரில் இருந்து யூரியாவையும் இப்படியே பிரித்தார். 1861-ல் இந்த முறைக்கு ‘டயாலிசிஸ்’ என்றும், தாண்டாத பொருள்களுக்கு ‘கொலாய்டு’ என்றும் பெயர் வைத்தார்.

பலூன் ஏன் சுருங்குது?

ஓட்டையே இல்லாத ரப்பர் பலூனில் இருந்து வாயு எப்படி வெளியேறுது? முதலில் ரப்பரில் கரைகிறது, உள்ளே மெதுவாக நகர்கிறது, மறுபக்கம் வெளியேறுகிறது. 1866-ல் கிரஹாம் சொன்ன விளக்கம் இதுதான். நைட்ரஜனைவிட ஆக்சிஜன் வேகமாகக் கடக்கும். ரப்பர் சவ்வு வழியே காற்றை வெற்றிடத்துக்குள் இழுத்தபோது, 21% ஆக இருந்த ஆக்சிஜன் சுமார் 41% ஆனது. வாயுக்களைப் பிரிக்கும் பாலிமர் சவ்வுகளுக்கும், வீட்டு ஆர்.ஓ. ஃபில்டருக்கும் ‘கரைந்து கடக்கும்’ இந்தக் கருத்துதான் இன்றும் அடிப்படை.

அவர் பார்க்காத பலன்

1869-ல் கிரஹாம் இறந்தார். தன் முறை ஓர் உயிரைக் காப்பாற்றியதை அவர் பார்க்கவில்லை. 74 ஆண்டுகள் கழித்து, நாஜிக்கள் பிடியில் இருந்த நெதர்லாந்தில் வில்லெம் கோல்ஃப் என்ற டாக்டர், சாசேஜ் உறையாகப் பயன்பட்ட செலோபேன் குழாயில் நோயாளியின் ரத்தத்தை ஓடவிட்டார். ஆரம்பத்தில் வந்த நோயாளிகளில் பெரும்பாலோர் பிழைக்கவில்லை. 1945-ல் 67 வயதுப் பெண் ஒருவர் பிழைத்தார்.

காகிதத்துக்குப் பதில் செலோபேன், சிறுநீருக்குப் பதில் ரத்தம். மற்றபடி யூரியா வெளியே, தேவையானது உள்ளே என்ற கிரஹாமின் அதே கணக்குதான்.