மணியாச்சி முதல் பிர்லா மாளிகை வரை: .32 தோட்டாவை உருவாக்கிய ஜான் பிரவுனிங் யார்?

துப்பாக்கிக் கடைப் பக்கமே நீங்கள் போயிருக்க மாட்டீர்கள். லைசென்ஸ் வாங்கும் எண்ணமும் இருக்காது. ஆனாலும் உங்கள் பள்ளி வரலாற்றுப் புத்தகத்தில் ஒருவருடைய கைவேலை நாலைந்து இடங்களில் ஒளிந்திருக்கிறது.

1911 ஜூன் 17 அன்று மணியாச்சி ரயில் சந்திப்பில் திருநெல்வேலி கலெக்டர் ஆஷை வாஞ்சிநாதன் சுட்டது ஒரு பிரவுனிங் கைத்துப்பாக்கியால். 1928 டிசம்பரில் லாகூரில் சாண்டர்ஸ் கொல்லப்பட்டபோது பகத்சிங் கையில் இருந்தது .32 கோல்ட் தானியங்கி. 1931இல் அலகாபாத் பூங்காவில் சந்திரசேகர் ஆசாத் கடைசி வரை பிடித்திருந்ததும் .32 கோல்ட்தான். 1948 ஜனவரி 30 அன்று டெல்லி பிர்லா மாளிகையில் காந்தியைக் கொன்றது இத்தாலிய பெரெட்டா. ஆனால் அதற்குள் இருந்த .380 தோட்டா பிரவுனிங் வடிவமைத்தது.

துப்பாக்கிகள் வேறு, கைகள் வேறு, நோக்கங்கள் வேறு. பெயர் மட்டும் ஒன்று: ஜான் மோசஸ் பிரவுனிங். இந்தியாவுக்கு வந்ததாகவே பதிவில்லாத இந்த அமெரிக்கரின் தோட்டாதான் இன்றும் நம் ஊரில் தற்காப்புக்கு லைசென்ஸ் வாங்குபவர் கையில் பெரும்பாலும் வந்து சேர்கிறது. எப்படி என்று பார்ப்போம்.

பழைய இரும்பில் தொடங்கிய பையன்

பிரவுனிங் பிறந்தது 1855 ஜனவரி 23, அமெரிக்காவின் யூட்டா பகுதியில் உள்ள ஆக்டன் என்ற சின்ன ஊரில். அப்பா ஜோனத்தன் பிரவுனிங் துப்பாக்கி செய்பவர், பழுது பார்ப்பவர். மார்மன் சமயத்தைச் சேர்ந்த அவருக்கு மூன்று மனைவிகள், 22 பிள்ளைகள். அவ்வளவு பெரிய வீட்டில் பையன்கள் சும்மா உட்கார முடியுமா? ஜானும் சின்ன வயதிலேயே பட்டறையில் நின்றுவிட்டார்.

பள்ளிப் படிப்பு அதிகமில்லை, பொறியியல் பட்டம் கிடையாது. பத்து வயது வாக்கில் பட்டறைக் கழிவு இரும்பை வைத்தே தன் முதல் துப்பாக்கியைச் செய்ததாக அவர் குடும்பத்தில் சொல்வார்கள். 1879இல் அப்பா இறந்தார். அதே ஆண்டு அக்டோபரில் ஒரு ரைஃபிளுக்கு ஜானுக்கு முதல் காப்புரிமை கிடைத்தது. வாழ்நாள் முடிவதற்குள் அந்த எண்ணிக்கை 128 ஆனது.

தம்பிகளைச் சேர்த்துக்கொண்டு ஆக்டனிலேயே சின்னத் தொழிற்சாலை போட்டார். 1883இல் வின்செஸ்டர் நிறுவனத்தின் முக்கிய அதிகாரி ஒருவர் ரயிலேறி ஆக்டனுக்கே வந்து, அந்த ரைஃபிளின் உரிமையை 8,000 டாலருக்கு வாங்கிப் போனார். அதன்பின் சுமார் இருபது ஆண்டு ஒரே கதைதான்: இவர் வடிவமைப்பார், அவர்கள் வாங்குவார்கள். வாங்கியதில் பாதிக்கு மேல் தயாரிக்கவே இல்லை. போட்டி நிறுவனத்துக்குப் போய்விடக் கூடாதே என்று வாங்கி அலமாரியில் பூட்டி வைத்தார்கள். இன்றைய டெக் கம்பெனிகள் ஸ்டார்ட்அப்பை வாங்கி மூடுவது போல என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

கோரைப் புல் சொன்ன பாடம்

1889 வாக்கில் ஒரு நாள் துப்பாக்கி சுடும் மைதானத்தில் நின்றிருந்தார் பிரவுனிங். ஒவ்வொரு முறை சுடும்போதும் குழல் வாயிலிருந்து பீறிட்ட காற்று எதிரே இருந்த கோரைப் புல்லை மடக்கித் தள்ளியது. எல்லோரும் தினமும் பார்க்கும் காட்சி. அவருக்கு மட்டும் வேறொரு கேள்வி வந்தது. இந்தச் சக்தி வீணாகத்தானே போகிறது, இதை வைத்தே அடுத்த தோட்டாவை ஏற்றினால் என்ன?

அங்கிருந்து இயந்திரத் துப்பாக்கிக்குப் போனார். அதே சிந்தனை சுருங்கி கைத்துப்பாக்கிக்கு வந்தபோது ஒரு சிக்கல் எழுந்தது. ரிவால்வருக்காகச் செய்த பழைய தோட்டாக்களின் அடியில் அகலமான விளிம்பு இருக்கும். பிடிக்குள் போகும் மேகசினில் அவை ஒன்றோடொன்று மாட்டிக்கொள்ளும். ஆகவே பிரவுனிங் துப்பாக்கியோடு சேர்த்துத் தோட்டாவையும் புதிதாக வடிவமைக்கத் தொடங்கினார். அவர் வாழ்க்கையில் இதுதான் பெரிய திருப்பம். துப்பாக்கியும் தோட்டாவும் அவருக்கு ஒரே பொருளின் இரண்டு பாதிகள்.

1897இல் பெல்ஜியத்தின் எஃப்.என். நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்டார். 1899இல் .32 ஏ.சி.பி. தோட்டா வந்தது. ஐரோப்பாவில் இதை 7.65 மி.மீ. பிரவுனிங் என்பார்கள். இது கிளப்பும் பின்னுதைப்பு குறைவு. அதனால் சிக்கலான பூட்டு அமைப்பு தேவையில்லை, மேல்பகுதியின் எடையும் ஒரு ஸ்பிரிங்கும் போதும். துப்பாக்கி சின்னதாச்சு, விலை இறங்கியது, சட்டைப் பைக்குள் அடங்கியது. பிரெஞ்சு மொழியில் தானியங்கிக் கைத்துப்பாக்கிக்கே பிரவுனிங் என்று பெயர் வந்துவிட்டது, நாம் நகல் எடுப்பதை ஜெராக்ஸ் என்பது போல. அதற்குப் பின் .25, .45, .380 என்று வரிசையாக வந்தன.

ரெண்டு நாள், 6,000 தோட்டா

.45 ஏன் பிறந்தது? பிலிப்பைன்ஸ் போரில் தங்கள் .38 ரிவால்வர் எதிரியை நிறுத்தவில்லை என்று அமெரிக்கப் படை புலம்பியது. 1904இல் நடந்த ராணுவச் சோதனைகளுக்குப் பிறகு, பெரிய குண்டுதான் வேண்டும் என்று முடிவானது. பிரவுனிங் .45 ஏ.சி.பி.யைக் கொடுத்தார். குண்டின் எடை 230 கிரெயின், அதாவது சுமார் 15 கிராம். .32இன் குண்டு வெறும் 71 கிரெயின், 5 கிராம்கூட இல்லை.

1911 மார்ச்சில் இறுதிச் சோதனை. இரண்டு நாளில் ஒரே துப்பாக்கியில் 6,000 தோட்டா சுட்டார்கள். நூறு சுட்டதும் ஆறவிட்டார்கள், ஆயிரத்துக்கு ஒருமுறை சுத்தம் செய்தார்கள். பிரவுனிங்கின் துப்பாக்கி ஒருமுறைகூடச் சிக்கவில்லை. போட்டிக்கு வந்த சாவேஜ் துப்பாக்கி 37 முறை திணறியது. அந்த மாதமே அமெரிக்க ராணுவம் எம்1911ஐ ஏற்றுக்கொண்டது. அடுத்த மூன்றே மாதத்தில் மணியாச்சியில் வேறொரு பிரவுனிங் வெடித்தது.

இந்தச் சோதனையில் உங்களுக்கும் ஒரு பாடம் உண்டு. தோட்டாவின் தரம் பெட்டியில் அச்சடித்த எண்ணில் மட்டும் இல்லை. அந்தத் துப்பாக்கியில், அந்தத் தோட்டா, எத்தனை முறை சிக்காமல் ஓடியது என்பதில்தான் நம்பிக்கை இருக்கிறது. தற்காப்புக்கு வைத்திருப்பவர் அதே வகைத் தோட்டாவை ரேஞ்சில் சுட்டே பார்த்ததில்லை என்றால், அவரிடம் இருப்பது வெறும் நம்பிக்கை மட்டுமே.

இந்தியாவில் ஏன் .32?

ஆயுதச் சட்டம் 1959 வந்த பிறகு ராணுவமும் போலீசும் பயன்படுத்தும் 9 மி.மீ., .45 போன்றவை சாதாரணக் குடிமக்களுக்குத் தடைசெய்யப்பட்ட வகை ஆகிவிட்டன. மிச்சம் கிடைப்பதில் முக்கியமானது .32. அதனால்தான் அரசு ஆயுதத் தொழிற்சாலைகளின் அஷானி பிஸ்டலும் .32, கான்பூரில் செய்யும் ரிவால்வரும் .32.

இங்கேதான் பலரும் ஏமாறுவார்கள். ரெண்டும் .32 என்றாலும் தோட்டா ஒன்றல்ல. பிஸ்டலுக்கு உரியது பிரவுனிங்கின் .32 ஏ.சி.பி., உறை நீளம் 17 மி.மீ. ரிவால்வருக்கு உரியது .32 ஸ்மித் அண்ட் வெஸன் லாங், உறை 23 மி.மீ., அடியில் முழு விளிம்பு. ஒன்றுக்கு வாங்கியதை இன்னொன்றில் போட்டுப் பார்க்கவே கூடாது. பெட்டியில் உள்ள முழுப் பெயரும் துப்பாக்கிக் குழலில் பொறித்திருக்கும் பெயரும் ஒத்துப்போக வேண்டும்.

.32 ஏ.சி.பி.யில் பிரவுனிங் விட்டுவைத்த ஒரு சின்னக் குறையும் உண்டு. விளிம்பை அவர் முழுதாக எடுக்கவில்லை, அரை விளிம்பாக விட்டார். மேகசினில் ஏற்றும்போது மேல் தோட்டாவின் விளிம்பு கீழ்த் தோட்டாவின் விளிம்புக்கு முன்னால் இருக்க வேண்டும். மாறினால் மாட்டிக்கொள்ளும். .25, .32 இரண்டிலும் இருந்த இந்த அரை விளிம்பை .45இலும் .380இலும் அவரே எடுத்துவிட்டார்.

பயிற்சிக்கு எது, தற்காப்புக்கு எது?

முழு உலோக உறை போட்ட உருண்டை முனைக் குண்டுதான் பிரவுனிங் காலத்தது. மேகசினிலிருந்து வழுக்கிக்கொண்டு ஏறும், விலை குறைவு. பயிற்சிக்கு இது போதும். முனையில் குழி உள்ள குண்டு உடலில் பட்டதும் விரியும், ஊடுருவி வெளியேறி அடுத்தவரைத் தாக்கும் அபாயம் குறையும். பல நாடுகளில் தற்காப்புக்கு இதைப் பரிந்துரைக்க அதுதான் காரணம். ஆனால் .32 போன்ற வேகம் குறைந்த தோட்டாவில் குண்டு விரிந்தால் ஆழம் குறைந்துவிடும், விரியாமலே போவதும் உண்டு. ஆகவே பெயரைப் பார்த்து மயங்க வேண்டாம்.

விரியும் குண்டுக்கும் நம் நாட்டுக்கும் ஒரு பழைய உறவு இருக்கிறது. கொல்கத்தா பக்கத்தில் உள்ள டம்டம் ஆயுதத் தொழிற்சாலையில் 1890களில் செய்ததால்தான் அதற்கு டம்டம் தோட்டா என்ற பெயர். 1899 ஹேக் மாநாடு போரில் அதைத் தடை செய்தது.

எத்தனை வைத்திருக்கலாம்?

ஒரே நேரத்தில் எத்தனை, ஆண்டுக்கு எத்தனை என்று உங்கள் லைசென்ஸிலேயே எழுதியிருக்கும். அதற்கு மேல் ஒன்றுகூடக் கூடாது. ஒவ்வொரு கொள்முதலும் பதிவாகும். 2019 திருத்தத்துக்குப் பின் ஒருவர் அதிகபட்சம் இரண்டு துப்பாக்கிதான் வைத்திருக்க முடியும். கல்யாண வீட்டில் சந்தோஷத்துக்கு வானத்தைப் பார்த்துச் சுட்டு ஆபத்து விளைவித்தால் இரண்டு ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

இருப்பு வைப்பதில் விதிகள் எளிமையானவைதான். ஈரமில்லாத, சூடேறாத இடம். கார் டேஷ்போர்டு, சமையலறை ரெண்டும் வேண்டாம். வாங்கிய பெட்டியிலேயே, தேதி குறித்து, துப்பாக்கியிலிருந்து தனியாகப் பூட்டி வையுங்கள். எண்ணெய் தடவினால் துரு பிடிக்காது என்று நினைப்பார்கள், ஆனால் அது பிரைமருக்குள் இறங்கினால் தோட்டா வெடிக்காமல் போகலாம். பழையதைப் பயிற்சியில் தீர்த்துவிட்டு, புதியதை இருப்பில் வையுங்கள். பச்சை பிடித்தது, நசுங்கியது எதையும் சுட வேண்டாம்.

இருப்பு தீர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஆசாத்தைவிட உதாரணம் இல்லை. 1931 பிப்ரவரி 27 அன்று போலீஸ் சூழ்ந்தபோது, கூட இருந்தவரைத் தப்பவிட்டு, எண்ணி எண்ணிச் சுட்டார். கடைசித் தோட்டாவைத் தனக்கே வைத்துக்கொண்டார் என்பதுதான் பரவலாக ஏற்கப்பட்ட வரலாறு. அந்த கோல்ட் இன்றும் அலகாபாத் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

வேலை மேஜையிலேயே முடிந்த வாழ்க்கை

முதல் உலகப் போரில் பிரவுனிங்கின் இயந்திரத் துப்பாக்கி சோதனையில் 20,000 தோட்டா சுட்டும் நிற்கவில்லை. அரசு கொடுத்த 7,50,000 டாலரை அவர் பேரம் பேசாமல் ஏற்றார். ராயல்டி கேட்டிருந்தால் பல மடங்கு வந்திருக்கும். அந்தப் போரைத் தொடங்கி வைத்ததும், 1914இல் சரயேவோவில் ஆஸ்திரிய இளவரசரைக் கொன்ற .380 பிரவுனிங்தான்.

1926 நவம்பர் 26 அன்று பெல்ஜியத்தில், எஃப்.என். தொழிற்சாலையில் மகன் வால் பிரவுனிங்கின் அலுவலகத்தில், இதயம் நின்று இறந்தார். வயது 71. பாதியில் விட்ட 9 மி.மீ. பிஸ்டலை பெல்ஜியப் பொறியாளர் சேவ் முடித்தார். 1935இல் ஹை பவர் என்று வந்த அதன் வடிவம்தான் இஷாப்பூரில் தயாராகி இந்திய ராணுவத்தின் இடுப்புக்கு வந்தது.

பிரவுனிங் எதைச் செய்தாலும் சிக்காமல் ஓட வைத்தார். யார் கையில், யாரை நோக்கி என்பது அவர் வரைபடத்தில் இல்லை. வாஞ்சிநாதன் கையிலும் அது ஓடியது, கோட்சே கையிலும் ஓடியது. நம் சட்டம் அந்த இடத்தில்தான் நிற்கிறது. பாரதிய நியாய சன்ஹிதாவின் 34 முதல் 44 வரையிலான பிரிவுகள் உங்களுக்குத் தற்காப்பு உரிமை தருகின்றன, ஆனால் ஆபத்துக்குத் தேவையான அளவு மட்டும்தான். சுட்ட பிறகு ஒவ்வொரு தோட்டாவுக்கும் நீங்கள் கணக்கு சொல்ல வேண்டும். எந்தத் தோட்டா, எத்தனை தோட்டா என்று யோசிக்கும் முன், அந்தக் கணக்கைச் சொல்லத் தயாரா என்று யோசித்துக்கொள்ளுங்கள்.