கைலாசபதியும் லயத்துப் பாட்டும்

பல்கலைக்கழக மாணவரின் முதல் ஆய்வுக்கு வழிகாட்டப் பதுளையில் பயிற்சி பெற்ற நாள்களில், நான் அடிக்கடி நினைத்தது பேராசிரியர் க. கைலாசபதியை.

1933இல் கோலாலம்பூரில் பிறந்தவர். யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் படித்தார். பேராதனையில் பட்டம் பெற்றார். தினகரன் ஆசிரியராக இருந்தார். பின்னர் இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் ஜோர்ஜ் தொம்சனிடம் ஆய்வு மாணவரானார். தொம்சன் கிரேக்கப் பேராசிரியர். மாணவர் எடுத்துச் சென்றதோ சங்கப் பாடல்கள். அவற்றை வாய்மொழிப் பாணர் மரபாக ஆராய்ந்த அந்த ஆய்வு 1968இல் ஒக்ஸ்போர்டில் நூலானது. 1974இல் யாழ்ப்பாண வளாகத்தின் முதல் தலைவரானார். 1982இல், 49 வயதில் மறைந்தார்.

என்னிடம் வந்த மாணவி பசறைப் பக்கத் தோட்டத்துப் பிள்ளை. அம்மாயி லயத்தில் பாடும் பாட்டுகளை ஆராய ஆசை. அதெல்லாம் ஆய்வாகுமா என்ற கூச்சத்தில் வேறு தலைப்புக் கேட்டார். எனக்கு அந்தப் பாட்டுகள் தெரியாது; ஆகவே உடனே தலையாட்டிவிட்டேன். அன்றிரவு தொம்சனை எண்ணி வெட்கப்பட்டேன். மாணவரின் பொருள் தன் துறைக்கு வெளியே இருந்தும் அவர் கதவை மூடவில்லை.

மறுநாள் பழைய தலைப்பையே திருப்பிக் கொடுத்தேன். ஞாயிற்றுக்கிழமை லயத்துக்குப் போகிறோம். கேள்வி கேட்பது அவர். ஒலிப்பதிவுக் கருவியைப் பிடித்திருப்பது நான்.